நாற்பத்தொன்றாம் அறையில் ஏணி இல்லை

ஜனவரி 16, செவ்வாய்

காலையில் பல் மருத்துவர். கடைவாய்ப் பல் மறுபடி ஆடுகிறது. வீடு திரும்பியபோது மனைவி மசுயோ கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபுகுவோகாவுலேருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. உங்களை 'சென்செய்'ங்குது. எனக்குச் சிரிப்பு தாங்கல."

சென்செய்யாம், ஆசிரியராம். அமகசாகியில் டி.வி. ரிப்பேர் கடையில் இருந்தவன் நான். மாத இதழ்களைப் பார்த்து இயந்திர மொழியை நானே கற்றுக்கொண்டேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

திருப்பிக் கூப்பிட்டேன். பெண்ணின் பெயர் தொகோரோ. பழைய டி.வி. விளையாட்டுகளைத் தேடிப்பிடித்து, இன்றைய இயந்திரங்களில் ஓடவைத்து மறுபடி வெளியிடும் நாலு பேர் கொண்ட கம்பெனி. என்னுடைய 'கொதிகலன் கொஹெய்'க்காக இரண்டு வருடமாக அலைகிறாள். 1987இல் வந்த கேசட். அதைப் போட்ட கம்பெனி 1994இல் திவால். உரிமை ஒரு தானியங்கி விற்பனைப் பெட்டிக்காரர்களிடம் போய், அங்கிருந்து குளியல் தொட்டி செய்யும் கம்பெனி ஒன்றிடம் போயிருக்கிறது. தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இவள் போய்ச் சொன்ன பிறகுதான் அலமாரியைத் திறந்து பார்த்தார்களாம்.

"சம்மதிச்சுட்டாங்க சென்செய்! ஆனா ஒப்பந்தக் காகிதம் ஒண்ணும் அவங்ககிட்ட இல்ல. அதனால விளையாட்டோட முடிவுல ஓடுற பேர்ப் பட்டியல்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் சம்மதம்னு சொந்த முத்திரை குத்திக் குடுக்கணும். மார்ச் இருபத்தொன்பதுக்குள்ள. நிதியாண்டு முடிஞ்சா இந்த உரிமையைப் பாக்கற பிரிவையே மூடிடுறாங்க. அப்புறம் கேக்கறதுக்கு ஆளே இருக்காது."

பட்டியலில் ஐந்து பெயர். ஐந்தும் பொய்ப் பெயர். அன்று எல்லாக் கம்பெனியிலும் அதுதான் வழக்கம். "நிஜப் பேரைப் போட்டா நாளைக்கே அடுத்த கம்பெனிக்காரன் உங்களைக் கொத்திக்கிட்டுப் போயிடுவான்" என்பார் முதலாளி. என்னைப் 'பசித்த கரடி' என்று போட்டார். என்னை யாரும் கொத்திக்கொண்டு போகவில்லை. கொத்த வந்தவனுக்கு நான் யாரென்று எப்படித் தெரியும்?

கூட வரும் கையேட்டில் நிஜப் பெயர்களை அச்சிடுவாளாம். திரையில் எதையும் மாற்ற மாட்டாளாம். பரவாயில்லை. கையேடு போதும்.

ஜனவரி 19, வெள்ளி

ஷிகெனோ தொகுஜி. என் நிஜப் பெயர். ஜப்பானிய எழுத்தில் எழுதினால் நான்கே எழுத்து. முப்பத்தாறு வருடமாக எங்கும் இடம் கிடைக்கவில்லை, நான்கு எழுத்துக்கு.

ஜனவரி 27, சனி

தொகோரோ நேரிலேயே வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். குனிந்து குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, ஒன்றைக் கேட்டால் பதில் வரும்வரை நகராத ரகம். ஊரிலிருந்து கொண்டுவந்த ஹகாதா இனிப்புப் பெட்டியை மசுயோவிடம் கொடுத்தாள். இருவரும் ஐந்தே நிமிடத்தில் என் முழங்காலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வேலை எவ்வளவு தொல்லை என்று அவள் சொன்னபோது கொஞ்சம் மரியாதை வந்தது. மூல நிரல் இருந்த நெகிழ்தட்டுகளைக் கம்பெனி இடம் மாறியபோது குப்பையில் போட்டுவிட்டார்கள். பட்டியலில் இருந்த ஓவியர் வீட்டுக் கொட்டகையில் இரண்டு தட்டுகள் கிடைத்தன, பூஞ்சை தின்றுவிட்டது. கடைசியில் பழைய கேசட்டுகளை வாங்கி, உள்ளிருக்கும் நினைவகச் சில்லிலிருந்து ஒவ்வொரு எண்ணாக நகலெடுத்திருக்கிறாள். மூன்று கேசட்டில் ஒன்று மட்டும் ஓரிடத்தில் வேறுபட்டதாம். சில்லுக்கு வயதாகிவிட்டது, தானே மறக்கிறது. என்னைப் போல.

"இன்னொண்ணு சென்செய். இப்போதைய டி.வி.யில ஓட்டினா இடது ஓரத்துல குப்பை மாதிரி ஏதோ மின்னுது."

"அது குப்பைதான். பழைய டி.வி.யில சட்டம் அந்த எட்டுப் புள்ளியை மறைச்சிடும். ஓரத்துல என்ன நடந்தாலும் வீட்டுல யாருக்கும் தெரியாது. அதை நம்பித்தான் அங்க போட்டேன்."

"இப்ப எல்லாம் தெரியுது" என்றாள்.

என் பெட்டியைத் திறந்து காட்டினேன். அறுபத்து நான்கு அறைகளின் வரைபடம், ஐந்து மில்லிமீட்டர் கட்டத்தாளில். மூலத்தாள் அல்ல, ஜெராக்ஸ். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணாக மாற்றிக் கையால் தட்டினேன். தொகோரோ கையுறை போட்டுக்கொண்டு புரட்டினாள். புரட்டப் புரட்டக் கண் விரிந்தது. ஓரத்தில் சின்னச் சின்ன உருண்டை எழுத்தில் குறிப்புகள்: 'இங்கே ஒரு நொடி பயப்பட வேண்டும்.' 'இங்கே மூச்சு விடலாம்.'

"இது உங்க கையெழுத்தா? எவ்வளவு அழகா இருக்கு!"

"டீ ஆறுது. குடிங்க."

அவள் சிரித்துவிட்டாள். "ஓ! அதனாலதான் உங்களோட இன்னொரு பேரு 'ஆறின தேநீரா'?"

பட்டியலில் வரைபடம் என்ற இடத்தில் இருக்கும் பெயர் அது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், பசித்த கரடி என்ற பெயரிலேயே வந்த ஓர் இதழ்ப் பேட்டியில், ஆறின தேநீரும் நானே என்று சொல்லியிருக்கிறேன். இணையத்தில் எல்லா இடத்திலும் அதுதான் இருக்கிறதாம்.

இரண்டு தாள்கள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பெயருக்கு ஒன்று. "ரெண்டுலயும் நீங்களே குத்திட்டா முடிஞ்சுது. மத்த மூணு பேரும் குடுத்தாச்சு."

போகும்போது அவளிடம் ஒன்று கேட்டேன். நாற்பத்தொன்றாம் அறையில் ஏணியைச் சேர்க்க வேண்டும் என்று.

"நாங்க எதையும் திருத்தறதில்ல சென்செய். அன்னைக்கு எப்படி வந்துச்சோ அப்படியே காப்பாத்தறதுதான் எங்க வேலை. ஆனா, மூலத் திட்டத்துல ஏணி இருந்துச்சு, வழியில விட்டுப்போச்சுன்னு ஆதாரம் இருந்தா, பழசை அப்படியே வெச்சுட்டு ரெண்டாவதா ஒரு வடிவம் சேர்க்கலாம்."

"ஆதாரம் நான்தான். முதலாளி செலவைக் குறைக்கறேன்னு சில்லோட அளவைப் பாதியாக்கினார். அதுல போச்சு."

அவள் நாற்பத்தொன்றாம் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் ஏணி இல்லை. ஓரத்தை நேராக்கி அடுக்கிலேயே திருப்பி வைத்தாள். மரியாதையான பெண். அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 5, திங்கள்

எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவட்டும். கொஹெய் பொதுக் குளியல் நிலையத்தின் கொதிகலன் ஆள். குழாய்களுக்குள் இறங்கி அடைப்பை எடுத்துக்கொண்டே போக வேண்டும். நாற்பத்தொன்றாம் அறையில் வலது பக்கம் ஒரு பள்ளம். விழுந்தால் சாக மாட்டான். அதுதான் கேடு. செத்தால் முதலிலிருந்து வரலாம். இவன் உயிரோடு இடதும் வலதுமாக நடந்துகொண்டே இருப்பான். ஏற ஏணி இல்லை. வெளியே வர ஒரே வழி இயந்திரத்தின் மீட்டமைப்புப் பொத்தான். அழுத்தினால் அதுவரை ஆடியது எல்லாம் போச்சு.

ஆடினவர்கள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். 'கரடிக் குழி.' பசித்த கரடி தோண்டிய குழியாம். முப்பத்தாறு வருடம். என் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது, என் குழி எல்லாருக்கும் தெரியும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மசுயோ தூசு தட்டும்போது அந்த இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டாள்.

"ஆறின தேநீர்னா யாருங்க?"

"நான்தான்."

"நீங்களா? கல்யாணமாகி நாப்பத்தெட்டு வருஷத்துல ஒரு தடவை கூட டீ போட்டதில்லையே நீங்க."

இரண்டு தாள்களையும் எடுத்து இழுப்பறையில் வைத்தேன்.

பிப்ரவரி 14, புதன்

மழை. வெளியே போகவில்லை.

சரி. எழுதிவிடுகிறேன். இது என் நோட்டு, என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள். வரைபடங்களை நான் வரையவில்லை.

வரைந்தது ஆபீஸ் பெண். ஒரிகாசா ஃபுமி என்று பெயர். தொலைபேசி எடுப்பாள், கணக்கு எழுதுவாள், பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் டீ கொடுப்பாள். உணவு இடைவேளையில் எல்லாரும் நூடுல்ஸ் கடைக்குப் போனதும் விளையாட்டை ஓட்டிப் பார்க்கும் சோதனைப் பலகையின் முன் உட்கார்ந்து ஆடுவாள். எங்களில் யாரையும்விட நன்றாக ஆடினாள். என் அறைகளைப் பார்த்துவிட்டு ஒரு நாள், "ஷிகெனோ-சான், இது அறை இல்ல, பீரோ" என்றாள். உண்மைதான். எனக்கு நிரல் வரும், இடம் வராது. மறுவாரம் பதினாறு தாள் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கொஹெய் முதல் தடவை நிஜமாக எங்கோ போனான்.

முதலாளிக்குச் சொல்லவில்லை. டீ கொடுக்கிற பெண் வரைந்தது என்றால் தூக்கிப் போட்டிருப்பார். பெயர்ப் பட்டியலை நான்தான் தட்டினேன். அவளுக்கும் ஓர் இடம் கொடுத்தேன், அது நியாயம்தானே? பெயரை வேடிக்கைக்குப் போட்டேன். அவள் கொண்டுவரும் டீ எப்போதும் ஆறித்தான் இருக்கும்.

பேட்டியில் மட்டும்... பேட்டி எடுத்தவர், "அந்த அறைகளை வரைஞ்சது யாருங்க? அதுதான் இந்த விளையாட்டோட உயிரே" என்றார். இருபத்தைந்து வருடமாக யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார், கேட்பது அதை. நான்தான் என்று வாயில் வந்துவிட்டது. ஒரு நொடி. அச்சில் வந்த பிறகு என்ன செய்ய?

என் பெயரை முதலாளி எடுத்துக்கொண்டார் என்று ஊரெல்லாம் திட்டியவன் நான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

தொகோரோ தொலைபேசியில். குளியல் தொட்டிக்காரர்கள் காகிதம் கேட்கிறார்களாம். ஏணிக்கும் ஆதாரம் கேட்கிறாள்.

"ஜெராக்ஸ்ல இல்ல சென்செய். மூலத்தாள் எங்கயாவது இருக்குமா? அதுல இருந்தா ஒரே நாள்ல சேர்த்துடுவோம்."

"தேடிப் பாக்கறேன்."

தேட ஒன்றுமில்லை. மூலத்தாள்களை அந்தப் பெண் தன்னிடமே வைத்துக்கொண்டு எனக்கு ஜெராக்ஸ்தான் கொடுப்பாள். இருந்தால் அவளிடம்தான் இருக்கும்.

அப்படியானால் கணக்கு இது. ஏணி வேண்டுமென்றால் மூலத்தாள் வேண்டும். மூலத்தாள் வந்தால் வரைந்தது யார் என்பதும் வரும். சும்மா இருந்து இரண்டிலும் முத்திரை குத்தினால் என் பெயர் வரும், குழியும் என் பெயரிலேயே நிற்கும். குத்தாவிட்டால் கொஹெய்யே வரமாட்டான். அந்தப் பிரிவை மூடிவிட்டால் யாரும் இனி எடுக்க முடியாது, சில்லுகள் ஒவ்வொன்றாக மறந்துபோகும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இடதும் வலதும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

பிப்ரவரி 29, வியாழன்

இதையும் எழுதினால்தான் தூங்க முடியும் போலிருக்கிறது.

1987 அக்டோபர். சில்லு தொழிற்சாலைக்குப் போய்விட்டது. முதல் கேசட் கைக்கு வந்த அன்று ஒரிகாசா உட்கார்ந்து ஆடினாள். நாற்பத்தொன்றில் விழுந்தாள். திரும்பி என்னைப் பார்த்து, "இங்க ஏணி போட்டிருந்தேனே. எங்க?" என்றாள். அறையில் ஏழெட்டுப் பேர். முதலாளியும் நிற்கிறார்.

நான் ஜெராக்ஸை எடுத்து அவள் முன்னால் போட்டேன். "பேப்பர்ல இல்ல. நீயே பாரு. பேப்பர்ல இல்லாததை நான் எப்படித் தட்டுறது? போய் டீ போடற வேலையைப் பாரு."

அவள் தாளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த வருட முடிவில் வேலையை விட்டாள்.

பேப்பர்ல இல்ல. இல்லைன்னா இல்லதான். இன்னைக்கும் அதையேதான் சொல்லுவேன். நூறு தடவை அந்தத் தாளைப் பார்த்தாச்சு.

பிறகு யார் கேட்டாலும் முதலாளி சில்லைக் குறைத்ததால் என்று சொன்னேன். குறைத்ததும் உண்மைதான், முடிவுப் படம் ஒன்று அதனால் போனது. ஆனால் ஏணிக்கு அது காரணமில்லை. அப்படிச் சொன்னால் யாரும் தாளைக் கேட்க மாட்டார்கள்.

மார்ச் 9, சனி

பசித்த கரடியின் தாளில் முத்திரை குத்தினேன். நேராக விழுந்தது. இன்னொரு தாளின் மேல் முத்திரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு மை முத்திரையிலேயே காய்ந்துவிட்டது.

மார்ச் 15, வெள்ளி

இன்று மசுயோவிடம் சொன்னேன். எல்லாம் அல்ல, பாதி. 'அந்த ஒரிகாசா உயிரோடு இருக்கிறாளோ என்னவோ, இருந்தாலும் எங்கே போய்த் தேடுவது' என்ற அளவுக்கு.

மசுயோ பாத்திரம் துடைத்துக்கொண்டே, "இருக்காங்களே. ஹிமேஜியில" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் புத்தாண்டு அட்டை அனுப்பறாங்க. நான்தான் பதில் எழுதறேன், உங்க பேர்ல. உங்களுக்கு வர்ற அம்பது அட்டைக்கும் யாரு எழுதறாங்கன்னு நெனச்சீங்க? அஞ்சல்காரரா?"

"என்ன எழுதின?"

"உடம்பைப் பாத்துக்கோங்கன்னு. வேறென்ன எழுதறது? ஒரு வருஷம் உங்க முழங்கால் வலியைப் பத்தி எழுதினேன். அடுத்த வருஷம் அவங்க வலிக்கு ஒட்டற ஒரு பிளாஸ்திரியோட பேரு எழுதியிருந்தாங்க. அதைத்தான் இப்ப ஒட்டிக்கிட்டிருக்கீங்க."

முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன்.

மசுயோ எதையும் எறிவதில்லை. ரப்பர் வளையம் போட்ட கட்டுகளிலிருந்து முப்பத்தாறு அட்டைகளைப் பொறுக்கி எடுத்தாள். அதே உருண்டை எழுத்து. பெரும்பாலும் வாழ்த்து, வானிலை. 1990ஆம் வருட அட்டையில் மட்டும் இப்படி: 'அச்சகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். வெளிர்நீலப் பென்சிலைப் பற்றி இங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் உங்களிடம் சொல்ல வேண்டும்.'

மார்ச் 16, சனி

கடைக்குப் போய் வெளிர்நீலப் பென்சில் வாங்கினேன். ஒரு தாளில் ஏணி வரைந்து, முனைக்கடை ஜெராக்ஸ் இயந்திரத்தில் வைத்தேன். நகலில் ஏணி பளிச்சென்று விழுந்தது. அரைமணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். பார்த்தாயா, பேப்பரில் இருந்திருந்தால் விழுந்திருக்கும்!

வீட்டுக்கு நடக்கும்போதுதான் புத்தியில் பட்டது. இது இன்றைய இயந்திரம். அன்று ஆபீஸில் இருந்த பெட்டியை நானே இரண்டு தடவை பிரித்து மாட்டியிருக்கிறேன். அதன் உருளைக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான். வெளிர்நீலத்தில் எதைப் போட்டாலும் அதன் கண்ணுக்கு வெறும் தாள். ஓவியர்கள் அதனால்தான் அந்தப் பென்சிலில் முதல் கோடு போடுவார்கள். அழிக்கவே வேண்டாம், நகலில் வராது.

இது எனக்குத் தெரியும். அன்றும் தெரியும். டி.வி. ரிப்பேர்க்காரனுக்குத் தெரியாதா?

மூலத்தாளைக் கொண்டு வா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

மார்ச் 23, சனி

ஹிமேஜி. விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். மசுயோ முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். நான் தப்பிக்கக் கூடாதென்று.

இரண்டாம் மாடியில் சின்ன வீடு. ஒரிகாசா-சானுக்கு அறுபத்தெட்டு. முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறார். டி.வி.க்கு அடியில் இயந்திரங்கள் மூன்று, கம்பிகள் ஒழுங்காகச் சுற்றி வைத்தபடி. இன்னும் ஆடுகிறார்.

டீ வந்தது. வைத்த உடனே எடுத்துக் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது.

"மெதுவா! யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க" என்றார். பிறகு, "அன்னைக்கும் சூடாத்தான் கொண்டுவந்து வெச்சேன் ஷிகெனோ-சான். நீங்க மூணு மணி நேரம் கழிச்சுக் குடிச்சீங்க. குடிச்சுட்டு ஆறிப்போச்சுன்னு என் பேரையே அப்படி வெச்சீங்க."

வெந்த நாக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

கடற்பாசி விற்கும் பழைய தகரப் பெட்டி ஒன்றை எடுத்துவந்தார். உள்ளே அறுபத்து நான்கு தாள்களையும் சுருட்டி வைத்திருந்தார். நாற்பத்தொன்றை விரித்தார். வலது பக்கப் பள்ளத்தில், வெளிர்நீலத்தில், ஏழு படி. நிறம் மங்கவே இல்லை.

"முதல்ல ஏணி போடல. சோதனைப் பலகையில ஆடிப் பாத்தப்பதான் வெளிய வர வழியில்லன்னு தெரிஞ்சுது. ஓவியரோட மேசையில கெடந்த பென்சிலை எடுத்து அவசரமாப் போட்டேன். காப்பியில வராதுன்னு எனக்குத் தெரியாது. அச்சகத்துலதான் தெரிஞ்சுது. தப்பு என்னோடதும்தான்."

"எனக்குத் தெரியும்" என்றேன். "நீலம் வராதுன்னு எனக்குத் தெரியும். கேக்கல."

அவர் தாளின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டார்.

"பேட்டியைப் படிச்சேன். ரெண்டு பிரதி வாங்கினேன்."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணைக் கிழிச்சேன்."

மன்னிப்பு கேட்க நினைத்துத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "உங்களுக்குப் பேரு அவ்வளவு முக்கியமா? பரவாயில்லன்னுதான் இத்தனை நாள் இருந்தீங்கன்னு..."

"பரவாயில்லன்னு யாரு சொன்னது? எனக்கும் ஆசைதான். உங்களுக்கு மட்டுந்தான் ஆசை இருக்குமா? நீங்க கத்துவீங்க, நான் கத்தல. அவ்வளவுதான் வித்தியாசம்."

தொகோரோவின் இரண்டாவது தாளை எடுத்து வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். என் பெயர் அச்சாகியிருந்த இடத்தில் கோடு போட்டு, ஒரிகாசா ஃபுமி என்று எழுதி முத்திரை குத்தினார். பிறகு இரண்டு நிபந்தனை சொன்னார்.

"கையேட்டுல இந்தத் தாளை நிறத்தோட போடணும். நீலம் தெரியணும். பக்கத்துலயே, இதைத் தட்டினது யாருன்னும் ஏணி எப்படி விட்டுப்போச்சுன்னும் போடணும். முதலாளி, சில்லு, அந்தக் கதையெல்லாம் வேண்டாம்."

"சரி. அப்ப ரெண்டாவது வடிவத்துல ஏணி..."

"ஏணி வேண்டாம்."

"என்னது?"

"வேண்டாம். முப்பத்தாறு வருஷமா எல்லாரும் விழுந்தாச்சு. இப்ப வந்து ஏணி வெச்சா, விழுந்தவங்க எல்லாம் என்ன முட்டாளா? அது அப்படித்தான் வந்துச்சு. அப்படியே இருக்கட்டும்."

"குழிக்கு என் பேரு வெச்சிருக்காங்க!"

"தெரியும். நானும் அப்படித்தான் சொல்றேன்" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

முத்திரைத் தாளையும் நாற்பத்தொன்றாம் தாளையும் அதே தகரப் பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார். "அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம். ரயில் நேரமாச்சு."

மார்ச் 24, ஞாயிறு

பெட்டி மேசைமேல் இருக்கிறது. மசுயோ அதைச் சுற்றித் துடைக்கிறாள், தொடுவதில்லை.

மார்ச் 26, செவ்வாய்

கேட்டது ஏணி. கிடைத்தது என் பிழையின் வண்ணப்படம்.

என் பெயர் முதல் தடவை அச்சில் வரப்போகிறது, எதற்குப் பக்கத்தில்? ஏழு படி உள்ள ஏணிக்குப் பக்கத்தில், 'இதைத் தட்டாமல் விட்டவர்' என்று. இதற்கா முப்பத்தாறு வருடம் கத்தினேன்? பசித்த கரடியாகவே செத்திருக்கலாம்.

வேறு புதுத் தாள் கேட்டு வாங்கி இரண்டு முத்திரையும் நானே குத்தி அனுப்ப இன்னும் நேரம் இருக்கிறது. ஒரிகாசா-சான் கத்த மாட்டார். அவரே சொன்னார். அவர் அட்டை அனுப்புவார். மசுயோ பதில் எழுதுவாள்.

இதை எழுதிய கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 27, புதன்

தொகோரோ இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை மசுயோ எடுத்து, "இருக்காரு. குழியில இருக்காரு" என்று சொல்லிவிட்டு வைத்தாள். எல்லாம் ஒட்டுக் கேட்டிருக்கிறாள். இல்லை, இந்த நோட்டைப் படித்திருக்கிறாள்.

படி. படித்துக்கொள்.

மார்ச் 28, வியாழன்

காலை பத்து மணி. விரைவுத் தபால். இரண்டு தாள், இரண்டு முத்திரை, இரண்டு பெயர். நாற்பத்தொன்றாம் தாள், மடங்காமல் இருக்க இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில். பேட்டியில் சொன்னது பொய் என்று ஒரு பக்கம், என் கையெழுத்தில். மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டில் முதலாளி வந்துவிட்டார்.

மார்ச் 29, வெள்ளி

மாலை நாலரைக்குத் தொலைபேசி. "கிடைச்சுது, குடுத்தாச்சு, அவங்க வாங்கிக்கிட்டாங்க!" தொகோரோ அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. பிறகு தயங்கி, "அந்தப் பக்கத்தை அப்படியே போடலாமா... ஷிகெனோ-சான்?" என்றாள்.

சென்செய் போய்விட்டது. நல்லது.

"போடுங்க. ஒரு எழுத்தைத் திருத்தினாலும் சண்டைக்கு வருவேன்."

நவம்பர் 21, வியாழன்

வந்துவிட்டது. கையேடு நாற்பது பக்கம். நான் பதினொன்றாம் பக்கத்தில். எழுத்து சின்னது. எதிர்ப் பக்கம் முழுவதும் நாற்பத்தொன்றாம் அறை, நிறத்தில். மேலே, வரைபடம்: ஒரிகாசா ஃபுமி. அது பெரிய எழுத்து. அளவுகோலால் அளந்தேன். என்னுடையதைப்போல் ஒன்றரை மடங்கு. தொகோரோவிடம் கேட்க வேண்டும்.

கேட்க மாட்டேன்.

நீலத்தின் அச்சு நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

இணையத்தில் இன்னும் கரடிக் குழி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இப்போது ஏன் என்று தெரிந்து சொல்கிறார்கள்.

ஜனவரி 1, புதன்

ஒரிகாசா-சானின் புத்தாண்டு அட்டை காலைத் தபாலின் முதல் கட்டிலேயே வந்தது. 'நேற்று ஐம்பத்தெட்டாம் அறை வரை போனேன். கை முன்போல் இல்லை. நீங்கள்?'

பதில் எழுத மசுயோவிடம் தள்ளினேன். அவள் வெற்று அட்டை ஒன்றையும் பேனாவையும் என் பக்கமே திருப்பித் தள்ளினாள். "என் கையெழுத்தைப் பாத்துப் பாத்து அவங்களுக்கு அலுத்திருக்கும்."

மதியம் வரை ஆயிற்று. மூன்று வரி. முழங்கால் பரவாயில்லை. நாற்பத்தொன்றில் நேற்றும் விழுந்தேன். ஏணி இருந்தது என்று அன்று நீங்கள் சொன்னது சரி.

மூன்றாவது வரியை முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்து, அதன்மேல் மையால் எழுதினேன்.

தபால் பெட்டி வரைக்கும் மசுயோ கூடவே வந்தாள், நான் போடுகிறேனா என்று பார்க்க.